சிமெண்ட் தரைக்கு நிறம்: ஆசிட் ஸ்டெயினா, வாட்டர் ஸ்டெயினா, பழைய ரெட் ஆக்சைடா?

போட்டு முடித்த சிமெண்ட் தரைக்கு நிறமேற்றும் ஆசிட் ஸ்டெயினை, டப்பாவில் அச்சிட்ட நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். ஊற்றிக் கழுவிப் பார்த்தால் தரை வெளிறிய தேநீர்க் கறை போல வந்திருக்கிறது. உடனே கடைக்காரரிடம் சண்டை. ஆனால் இந்தப் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் டப்பாவுக்குள் இல்லை, தரை போட்ட சிமெண்ட் மூட்டையில் இருக்கிறது. ஆகவே இந்த மதிப்பீட்டை மூட்டையிலிருந்தே தொடங்க வேண்டும்.

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு, உண்டாகிறது. ஆசிட் ஸ்டெயினில் இருப்பது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இரும்பு, மாங்கனீசு, செம்பு ஆகியவற்றின் உப்புகளும். அமிலம் மேற்பரப்பை லேசாக அரித்துத் திறந்துவிடும். உலோக உப்புகள் உள்ளே இருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, தண்ணீரில் கரையாத நிறப்பொருளாக நுண்துளைகளில் உட்கார்ந்துகொள்ளும். இது பெயிண்ட் போல மேலே படிவதில்லை, அதனால் உரிவதும் இல்லை. ஆனால் நிறத்துக்கு வேண்டிய சரக்கில் பாதி உங்கள் தரையில் இருந்தாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். நம் ஊரில் வீட்டு வேலைக்கு அதிகம் இறங்குவது பி.பி.சி., அதாவது போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட் மூட்டை. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ், அதாவது அனல் மின்நிலையச் சாம்பல், கலந்திருக்கும். அந்தச் சாம்பல் காலப்போக்கில் இதே சுண்ணாம்பைத் தின்றுதான் உறுதியாகிறது. கட்டடத்துக்கு அது நல்லது, ஆசிட் ஸ்டெயினுக்குப் பட்டினி. மூட்டையில் அச்சிட்ட இந்தியத் தர எண்ணைப் பாருங்கள்: ஐ.எஸ். 1489 என்று இருந்தால் பி.பி.சி., ஐ.எஸ். 455 என்று இருந்தால் இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமெண்ட், ஐ.எஸ். 269 என்று இருந்தால் ஓ.பி.சி., அதாவது சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட். ஆசிட் ஸ்டெயின் தன் முழு அழகைக் காட்டுவது ஓ.பி.சி. தரையில்தான். பல வருடம் மழையில் ஊறிய வாசல் சிமெண்டிலும் மேல்பக்கச் சுண்ணாம்பு கரைந்து போயிருக்கும், அங்கேயும் நிறம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். தரை எந்தச் சிமெண்டில் போட்டது என்று தெரியாவிட்டால், மாடிப்படிக்குக் கீழே ஒரு சதுர அடியில் முழு வேலையையும், மேல்பூச்சான சீலர் வரைக்கும், செய்து பார்க்காமல் டப்பாவை மொத்தமாக வாங்காதீர்கள். அரை லிட்டரில் முடிகிற சோதனை அது.

வாங்குவதற்கு முன் தரைக்கு இரண்டு சோதனை

எந்த ஸ்டெயினாக இருந்தாலும் இவை இரண்டும் வேண்டும். முதலாவது தண்ணீர்ச் சொட்டு. தரையில் ஐந்தாறு இடத்தில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடத்தில் உறிஞ்சி அந்த இடம் கருத்தால் தரை திறந்திருக்கிறது. முத்து முத்தாக நின்றால் மெழுகு, எண்ணெய், பழைய சீலர், புதுத் தரையின் ஈரம் காயாமலிருக்க அடிக்கும் க்யூரிங் காம்பவுண்ட், இதில் ஏதோ ஒன்று மூடியிருக்கிறது. சிமெண்ட் பால் ஊற்றி, கரணையால் கண்ணாடி போல இழைத்த தரையிலும் சொட்டு மெதுவாகவே இறங்கும். அதை 80-ஆம் எண், பிறகு 120-ஆம் எண் உப்புத்தாள் போட்ட மெஷினால் தேய்த்துத் திறக்க வேண்டும். தேய்த்து முடித்த தரையைத் தடவினால் விரலுக்கு மெல்லிய உப்புத்தாள் போலப் பட வேண்டும், அதுதான் அளவு.

இரண்டாவது ஈரம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ, மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட தரையில் படலமாக நிற்கும் சீலர் எதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது: வெளுக்கும், பொங்கும், உப்பு பூத்துத் தள்ளிவிடும். புதுத் தரை என்றால் 28 நாள் ஆகாமல் எந்த ஸ்டெயினையும் திறக்க வேண்டாம்.

ஆசிட் ஸ்டெயின்: வீட்டுக்குள், ஓ.பி.சி. தரைக்கு, பொறுமை உள்ளவர்களுக்கு

கிடைக்கும் நிறங்கள் குறைவு. காப்பிப் பழுப்பு, தேன் நிறம், துருச் சிவப்பு, கருமை, செம்பு உப்பால் வரும் நீலப்பச்சை, அவ்வளவுதான். நல்ல சிவப்போ மஞ்சளோ சாம்பல் வெள்ளையோ இதில் வராது. வருகிற நிறமும் சீராக வராது. பளிங்கில் ஓடும் நரம்பு போல ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளுத்தும் நிற்கும். அதுதான் இதன் அழகு. ஒரே சீரான நிறம் வேண்டும் என்பவர்கள் இதன் பக்கம் போக வேண்டாம்.

அளவு: முதல் கோட்டுக்கு லிட்டருக்கு சுமார் 50 சதுர அடி, இரண்டாவதுக்கு 60, 70 வரை போகும். 12-க்கு 12 அறைக்கு, அதாவது 144 சதுர அடிக்கு, இரண்டு கோட் சேர்த்து 5 லிட்டர் வேண்டும். டப்பா விலையைப் பார்க்காமல் இந்தக் கணக்கில் சதுர அடி விலையைப் போட்டுப் பாருங்கள். அதோடு சீலர், ஆப்பச்சோடா, கையுறை, ஸ்ப்ரேயர் விலையையும் சேர்த்தால்தான் உண்மைக் கணக்கு.

ஸ்ப்ரேயரில் உலோகப் பாகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பித்தளை நாசில் உள்ள மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரை அமிலம் அரிக்கும், அரித்த உலோகமும் தரையில் நிறமாக இறங்கும். பிளாஸ்டிக் ஸ்ப்ரேயரில் ஊற்றி, உள்மூலையிலிருந்து வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்தபடி, வட்டம் வட்டமாக அடித்து, உடனே நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கலக்க வேண்டும். ஈரமான ஓரம் காயாமல் அடுத்த பகுதி அதில் சேர வேண்டும். நடுவில் தேநீர் குடிக்கப் போனால் அந்த இடத்தில் கோடு நிரந்தரமாக நிற்கும். ஓய்வு எடுக்கத்தான் வேண்டும் என்றால் தரையின் ஜாயிண்ட் கோட்டில் நிறுத்துங்கள்.

நல்ல தரையில் ஊற்றிய நொடியில் நுரை எழும், சின்னச் சின்னக் குமிழாகப் பொரியும். நுரையே வராவிட்டால் அங்கே தரை மூடியிருக்கிறது, மேலே ஊற்றிப் பயனில்லை. கடைசிக் கோட் போட்டுக் குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும், இரவு முழுக்க விடுவது இன்னும் நல்லது. காய்ந்ததும் தரை மேல் துருத்தூள் போல அசிங்கமாக ஒரு பொடி படிந்திருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வினை புரிந்து முடித்த மிச்சம். உண்மையான நிறம் அதற்கு அடியில் இருக்கிறது.

இனி வருவதுதான் பலரும் அவசரப்பட்டுக் கெடுக்கிற கட்டம். 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ ஆப்பச்சோடா கரைத்து ஊற்றித் தேய்த்து அமிலத்தை முறிக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் குறைந்தது இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கழுவினால் அந்த உப்பே பிறகு வெள்ளையாகப் பூக்கும். கழுவிய தண்ணீரில் நீல லிட்மஸ் தாள் சிவக்கக் கூடாது, ஈரத்தரையை வெள்ளைத் துணியால் துடைத்தால் பழுப்பு ஒட்டக் கூடாது. இரண்டும் சரியான பிறகு ஒரு முழு நாளாவது காய விட்டுத்தான் சீலர். அந்தத் துருப்பொடி மிச்சம் இருக்க மேலே சீலர் போட்டால், சீலர் தரையைப் பிடிக்காமல் பொடியைப் பிடித்துக்கொள்ளும். ஆறே மாதத்தில் நடக்கும் பாதையெல்லாம் உரிந்து வரும். ‘ஆசிட் ஸ்டெயின் உரிந்துபோச்சு’ என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த உரிசல்தான்.

கழுவிய தண்ணீரைச் செடிக்கும் தெருவுக்கும் விடாதீர்கள், அதில் உலோக உப்பு இருக்கிறது. மரத்தூளைக் கொட்டி உறிஞ்ச வைத்து அள்ளிவிடலாம். சுவரின் அடிப்பகுதியை ஒரு அடி உயரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டி மறையுங்கள். டேப்பைச் சுவரில் ஒட்டலாம், நிறமேற்றப் போகிற தரையில் ஒட்டினால் பசை இருந்த இடம் தனிக் கோடாகத் தெரியும். தரையில் முன்பே பட்டி வைத்து அடைத்த விரிசல் எதுவும் நிறம் வாங்காது, வெளிர்க்கோடாகவே நிற்கும்.

இதில் ஒரு உயிர் ஆபத்தும் உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். முற்றத்துப் பாசியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். அது முழுக்கக் கழுவப்படாத தரையில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடத்தில் அது நுரையீரலையே கெடுக்கும். ப்ளீச்சிங் போட்ட இடத்தை நிறையத் தண்ணீர் விட்டு அலசி, இரண்டு நாள் காயவிட்ட பிறகுதான் எந்த அமிலமும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, கம்பூட் மூன்றும் கட்டாயம். ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். நீர்க்க வேண்டி வந்தால் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

இன்னொரு தவறு, ஸ்டெயின் போடுவதற்கு முன் கக்கூஸ் கழுவும் ஆசிட்டால் தரையைக் கழுவுவது. ஸ்டெயினுக்கு வேண்டிய சுண்ணாம்பை அதுவே முதலில் தின்றுவிடும். மொட்டை மாடியின் கான்கிரீட் தளத்துக்கும் ஆசிட் ஸ்டெயின் வேண்டாம். குளோரைடு உள்ளே இறங்குவது கம்பிக்கு நல்லதல்ல.

வெளிப்புறத்துக்கு இந்தச் சரக்கைப் பரிந்துரைக்க முடியாது. இரும்பு, மாங்கனீசுப் பழுப்புகள் வெயிலைத் தாங்கும், அது உண்மை. ஆனால் செம்பு கலந்த நீலப்பச்சை, மழையும் ஈரமும் பட்டால் கருத்துப்போகும். போர்டிகோவுக்கு அந்த நிறத்தைக் காட்டி விற்றால் மறுத்துவிடுங்கள்.

வாட்டர் ஸ்டெயின்: இன்றைய வீடுகளுக்கு ஏற்றது

இது நுண்ணிய நிறமியும் அக்ரிலிக் பிசினும் தண்ணீரில் கலந்த சரக்கு. தரையின் சுண்ணாம்பை நம்பி இல்லை, நுண்துளையில் நுழைந்து பிடித்துக்கொள்கிறது. ஆகவே பி.பி.சி. தரையிலும் பேவர் பிளாக்கிலும் டப்பாவில் பார்த்த நிறம் ஏறக்குறைய அப்படியே வரும். நிறங்களும் ஏராளம். அமிலம் முறிக்கிற வேலை கிடையாது, நாற்றம் குறைவு, காலையில் தொடங்கினால் மாலைக்குள் இரண்டு கோட் முடியும். பளிங்கு நரம்பு போன்ற ஆழம் மட்டும் ஆசிட் ஸ்டெயின் அளவுக்கு வராது. ஈரத்தரையில் ஒரு நிறத்தை அடித்து, அது காயும் முன் இன்னொரு நிறத்தைத் தூவினால் ஓரளவு நெருங்கலாம்.

லிட்டருக்கு 65 முதல் 100 சதுர அடி வரை போகும், சொரசொரப்பான வாசலில் அந்தக் கீழ் எல்லைதான். மெல்லியதாக இரண்டு கோட் போடுவது ஒரே கோட் கனமாகப் போடுவதைவிட எப்போதும் மேல். தேங்கி நின்ற இடத்தில் பிசின் மேலேயே காய்ந்து படலமாகிவிடும், பிறகு அந்த இடம் மட்டும் உரியும். ஆகவே அடித்த உடனே மைக்ரோஃபைபர் துணியால் தேக்கத்தை எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கான்கிரீட் ஸ்டெயின்’ என்று ஒட்டி விற்பதில் சில வெறும் தரைப் பெயிண்ட்தான். கண்டுபிடிப்பது எளிது. செய்தித்தாள் துண்டில் ஒரு தீற்று தீற்றிக் காய விடுங்கள். அடியில் இருக்கும் எழுத்தை நிறத்தின் வழியே வாசிக்க முடிந்தால் ஸ்டெயின். எழுத்தே மறைந்துபோனால் அது பெயிண்ட். கார் நிறுத்தும் இடத்தில் பெயிண்ட் படலம் நிலைக்காது. ஓடி வந்த டயரின் சூடு படலத்தை இளக்கி ஒட்டிக்கொள்ளும், வண்டியை எடுக்கும்போது பிய்த்துக்கொண்டு போகும். அதேபோல ‘டை’, அதாவது சாயம், என்று விற்கப்படுபவற்றின் நிறம் பளிச்சென்று இருக்கும், வெயிலில் நிற்காது. அவற்றை வீட்டுக்குள் மட்டும் வையுங்கள்.

நேரம் பார்த்து இறங்குங்கள். சூடான தரையில் ஸ்டெயின் உள்ளே இறங்கும் முன்பே காய்ந்து பிரஷ் கோடுகள் விழும். அக்னி நட்சத்திரத்தில் வெளிவேலை வேண்டவே வேண்டாம். ஆடிக்காற்றில் புழுதி ஒட்டும். மார்கழிக் காலையில் தரையில் பனி இறங்கியிருக்கும், அதன் மேல் சீலர் போட்டால் பால் ஊற்றியது போல வெளுக்கும். வடகிழக்கு மழை ஓய்ந்து தரை நன்றாக உலர்ந்த தை, மாசி மாதங்கள்தான் நம் பக்கத்துக்கு ஏற்ற காலம். மொட்டை மாடிக்கு அடர்நிறம் எடுக்காதீர்கள், மதியம் வெறுங்காலை வைக்க முடியாது.

சீலர்: நிறத்தைவிட இதில்தான் காசு வீணாகிறது

வீட்டுக்குள் அக்ரிலிக் சீலர் போதும். இரண்டு மெல்லிய கோட், அதற்கு மேல் தரைக்கான மெழுகு. கீறல் விழுந்தால் மெழுகுதான் போகும், அதை மறுபடி போடுவது அரைநாள் வேலை. எபாக்சி உறுதியானது, ஆனால் வெயில் பட்டால் மஞ்சளாகும். ஜன்னலோரத்தில்கூட ஓரிரு வருடத்தில் வித்தியாசம் தெரியும். வெளியே அதற்கு இடமே இல்லை.

வெளிப்புறத்துக்கு நல்லது சிலேன்-சிலாக்சேன் வகை ஊடுருவும் சீலர். படலமாக நிற்காது, பளபளப்பு தராது, தரையின் ஈரம் ஆவியாக வெளியேற வழி விடும், மழைநீரை உள்ளே விடாது. லிட்டருக்கு 25 முதல் 50 சதுர அடிதான் போகும் என்பதால் செலவு கூடும், ஆனால் உரிகிற தொல்லை இல்லை. தண்ணீர்ச் சொட்டு மறுபடி உறிஞ்சத் தொடங்கினால் மறுகோட் போட வேண்டும், அவ்வளவுதான் பராமரிப்பு. ‘பளபளன்னு இருக்கணும்’ என்று வாசலுக்கும் படிக்கட்டுக்கும் பளபளப்பான அக்ரிலிக் சீலர் போடுவது பெரிய தவறு. முதல் மழையிலேயே வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் கடைசிக் கோட்டில் வழுக்கலைத் தடுக்கும் நுண்தூள் கலந்து அடியுங்கள்.

ரெட் ஆக்சைடு: ஸ்டெயின் அல்ல, ஆனாலும் ஒப்பிடாமல் முடியாது

ஸ்டெயின் என்பது போட்டு முடித்த தரைக்கு. ரெட் ஆக்சைடு, தரை போடும்போதே மேல்பூச்சில் கலந்துவிடும் இரும்பு ஆக்சைடு. நிறம் பூச்சின் கனம் முழுக்க இருப்பதால் தேயத் தேயவும் சிவப்பாகவே இருக்கும். ஆத்தங்குடிக் கல் நிறம் மாறாமல் நிற்பதும் நிறமி சிமெண்ட் அடுக்கிலேயே கலந்திருப்பதால்தான். புதுத் தரை போடுகிற வீட்டில் சிவப்புதான் வேண்டும் என்றால், எந்த ஸ்டெயினையும்விட இதுவே சிறந்தது. நல்ல சிவப்பு ஆசிட் ஸ்டெயினில் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

அடிப்பூச்சு 1:4 சிமெண்ட்-மணல் கலவையில் முக்கால் முதல் ஒரு அங்குலம். அது இறுகும் முன்பே 3 மில்லிமீட்டர் கனத்தில் நிறப்பூச்சு, 100 சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை சிமெண்ட் பிடிக்கும். நிறமி சிமெண்டின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 50 கிலோ மூட்டைக்கு 5 கிலோ. கூடுதலாகப் போட்டால் நிறம் கூடாது, பூச்சு பலமிழந்து தூள் பறக்கும். ஒரு அறைக்கு வேண்டிய சிமெண்டையும் ஆக்சைடையும் உலர்ந்த நிலையிலேயே ஒன்றாகச் சலித்துக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள், சட்டி சட்டியாகக் கலந்தால் சட்டிக்கு ஒரு சிவப்பு வரும். ஆக்சைடு தரமானதா என்று பார்க்க, ஒரு கரண்டித் தூளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வையுங்கள். மறுநாள் காலை தூள் அடியில் படிந்து மேல்தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். தண்ணீர் சிவந்தே இருந்தால் சாயம் கலந்தது, வெயிலில் வெளுத்துவிடும்.

மேல்நீர் மினுமினுப்பு அடங்கிய நேரம் பார்த்து இரும்புக் கரணையால் இழைக்க வேண்டும். முந்தினால் தண்ணீர் மேலே வந்து தரை வெளுக்கும், பிந்தினால் கரணை ஓடாது. மறுநாளிலிருந்து 7 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும். இந்த ஏழு நாளில் அறைக்குள் மின்விசிறியைப் போட்டுவிட்டால் நரம்பு விரிசல் நிச்சயம். பெரிய ஹாலை ஒரே பரப்பாகப் போடாமல் நாலடிக்கு நாலடியாகக் கண்ணாடிப் பட்டை வைத்துப் பிரித்தால், வரும் விரிசலும் கோட்டோடு நிற்கும். இந்தக் கரணை வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் இன்று அரிது. அவர் முன்பு போட்ட தரை ஒன்றைப் போய்ப் பார்க்காமல் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் பழைய சிவப்புத் தரையின் மேல் ஸ்டெயின் அடிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பல ஆண்டு எண்ணெயும் மெழுகும் ஊறிய தரை அது, எந்த ஸ்டெயினும் உள்ளே போகாது. சோப்புத் தண்ணீரில் அழுக்கை எடுத்து, காய விட்டு, தேங்காய் எண்ணெயையோ மெழுகையோ மிக மெல்லியதாகத் தடவித் துணியால் தேய்த்தாலே பழைய ஒளி திரும்பும். புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே துடையுங்கள், சிமெண்டை அவை அரித்து வெள்ளைத் தடம் வைக்கும்.

வாசலுக்குத் தனிக் குறிப்பு

நம் வாசல் தினமும் தண்ணீர் தெளிக்கப்படும் தரை. நாள் தவறாமல் ஈரம் படும் இடத்தில் அக்ரிலிக் சீலர் வெளுத்து உரியத்தான் செய்யும். எனவே வாட்டர் ஸ்டெயின், அதன் மேல் ஊடுருவும் சீலர், இதுதான் வாசலுக்குச் சரி. சீலர் போட்ட மூன்று நாளைக்குத் தெளிப்பதும் கோலமும் வேண்டாம். பச்சரிசி மாவும் வெள்ளைக் கோலப்பொடியும் தரையை ஒன்றும் செய்யாது. வண்ணப்பொடியில் இருக்கும் சாயம் மட்டும் சீலர் இல்லாத துளைகளில் இறங்கிவிடும். பொங்கலுக்குப் பெரிய வண்ணக்கோலம் போடும் வீடுகள் அதற்கு ஒரு மாதம் முன்பே சொட்டுச் சோதனை செய்து, வேண்டுமானால் மறுகோட் போட்டுவிடலாம். மஞ்சள் தண்ணீர்க் கறை வெயிலிலேயே போய்விடும். விளக்கெண்ணெய்க் கறை போகாது, கார்த்திகை விளக்குகளுக்கு அடியில் ஒரு வாழையிலைத் துண்டோ தட்டோ வையுங்கள்.